ஈழத்தலரியும் காசிரத்தினமும்
பூந்தோட்டத்துப் பிறநாட்டுச் செடிகளின் வரலாறு

யாழ்ப்பாணத்து வளவொன்றின் படலையைத் திறந்து உட்செல்வோன் முதலிற் காண்பன பூஞ்செடிகளே. வேலியோரத்தில் அலரியும் செவ்வரத்தையும், கிணற்றடியில் நந்தியாவட்டையும் மல்லிகையும், முற்றத்து மணலிற் பட்டிப்பூவும், பந்தலின்மேற் போகன்விலாக் கொடியும் ஒரு குடும்பத்தவர்போல் ஒருங்கு நிற்கின்றன. இவற்றுள் எவை நம் நாட்டுக்குரியன, எவை பிறநாட்டிலிருந்து வந்தன என வினவினால், வீட்டுக்காரர் பெரும்பாலும் தயங்காமல் விடை கூறுவர். பூசைக்கு எடுப்பன நம்முடையவை. அழகுக்கு மாத்திரம் வளர்ப்பன வெளிநாட்டவை என்பதே அவ்விடை. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விடை, வரலாற்று முறையில் ஆராயுமிடத்துப் பாதியளவே உண்மையாகின்றது. பூசைத் தட்டிலுள்ள பூக்கள் சிலவற்றின் தாயகம் அத்திலாந்திக்குக்கு அப்பால் உள்ளது.

பயிர்வகைகளைப் பொறுத்தவரை இச்செய்தி புதியதன்று. யாழ்ப்பாணத்தான் தோட்டம் என்று சொல்லும்போது அவன் உள்ளத்தில் எழும் புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை என்பதனையும், 1492ஆம் ஆண்டிற்குப் பின்னரே அவை பழைய உலகத்தை அடைந்தன என்பதனையும் பாடசாலை மாணவரும் அறிவர். ஆனால் வாயிற்குச் செல்லும் பொருள்களின் வரலாற்றை எழுதிய அளவுக்கு, கண்ணுக்கும் கடவுளுக்கும் உரிய பூக்களின் வரலாற்றை எவரும் எழுதினாரல்லர். புகையிலைக்கு வரி இருந்தது. ஆகவே ஆவணமும் இருந்தது. பூவுக்கு வரி இல்லை. ஆதலால் அதன் வரவைப் பதிந்துவைக்க ஒரு கணக்கப்பிள்ளையும் முன்வந்திலன்.

ஆவணம் இல்லாதவிடத்துப் பெயரே சான்று எனக் கொள்வது நம்மவரிடையே பெருவழக்கு. பூஞ்செடிகளின் பெயர்களை இவ்வகையிற் பயன்படுத்தலாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இதற்கு ஈழத்தலரியைப் போன்ற சிறந்த எடுத்துக்காட்டுப் பிறிதில்லை.

ஈழத்தலரி என்பது தடித்த சாம்பல்நிறக் கிளைகளையும், கிளைநுனியிற் கொத்தாக அமைந்த நீண்ட இலைகளையும், வெண்மையும் மஞ்சளும் கலந்த ஐயிதழ்ப் பூக்களையும் உடைய மரம். சிங்களத்தில் அரலிய எனப்படுவது இதுவே. ஆங்கிலேயர் இலங்கையிற் கோயில் மரம் எனவும், இந்தியாவிற் பகோடா மரம் எனவும் இதனை அழைத்தனர். பௌத்த விகாரைகளிலே இம்மரம் இல்லாத விகாரை அரிது. ஆகவே இது புத்தர் காலந்தொட்டு இங்கு நின்றதுபோன்ற எண்ணம் பலருக்கும் உண்டு. தமிழிலே இதற்குப் பெருங்கள்ளி, கள்ளிமந்தாரை என்னும் பெயர்களும் வழங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி ஈழத்தலரி என்னும் பெயரை எடுத்தாள்கின்றது. ஈழத்து அலரி என்றமையால், இம்மரம் ஈழத்திலிருந்தே தமிழகஞ் சென்றது என முடிவுகட்ட ஓர் ஈழத்தவனின் உள்ளம் விழைவது இயல்பே.

அவ்வாறு முடிவுகட்டுமுன் இரு செய்திகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, இம்மரத்தை ஒவ்வொரு நாட்டினரும் மற்றொரு நாட்டின் பெயரால் அழைக்கும் விந்தை. மலாயரும் யாவகரும் இதனைக் கம்போசா என்பர். அது கம்போதியா நாட்டின் பெயர். வட இந்தியாவில் வழங்கும் குல்சீன் என்னும் பெயருக்குச் சீனத்துப் பூ எனப் பொருள் கொள்வர். தமிழர் ஈழத்தைச் சுட்டுகின்றனர். மூன்று மொழிகள் மூன்று நாடுகளைக் காட்ட, அவற்றுள் ஒன்றேனும் மரத்தின் உண்மையான தாயகத்தைக் காட்டவில்லை. இம்மரத்தின் இனங்கள் யாவும் மெக்சிக்கோ முதலாகத் தென்னமெரிக்காவின் வடபகுதி வரையும், மேற்கிந்தியத் தீவுகளிலுமே காட்டுநிலையில் வளர்கின்றன. தாவரவியலார் இட்ட புளூமேரியா என்னும் பெயரும், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மும்முறை சென்று செடிகளை ஆராய்ந்த சாள்சு புளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவியின் நினைவாக அமைந்ததாகும். ஆகவே நாட்டுவழக்கிலுள்ள பெயர் ஒரு செடி பிறந்த இடத்தைக் கூறுவதில்லை. அயலில் எவரிடமிருந்து அதனைப் பெற்றோம், அல்லது பெற்றோம் என எண்ணினோம் என்பதனையே கூறுகின்றது. கடிதத்தின் மேலுள்ள முத்திரை கடைசித் தபாற் கந்தோரின் முத்திரையாக இருத்தல்போல்வது இது.

இரண்டாவது செய்தி ஈழத்தவனின் பெருமையை இன்னுஞ் சிறிது குறைக்கும். ஈழம் என்னுஞ் சொல்லுக்கு நாட்டின் பெயர் ஒன்றே பொருளன்று. பொன், கள், கள்ளி என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு அகராதிகளிற் கூறப்படுகின்றன. கிளையை ஒடித்தவுடன் வெண்பால் பெருகும் மரம் இது. பெருங்கள்ளி, கள்ளிமந்தாரை ஆகிய மற்றைய பெயர்கள் இரண்டும் அப்பாலையே கருதி எழுந்தவை. அங்ஙனமாயின் ஈழத்தலரி என்பதும் கள்ளியைப் போலப் பால்வடியும் அலரி எனப் பொருள்படுதல் கூடும். மூன்று பெயர்களும் ஒரே குணத்தைச் சுட்டுவன எனக் கொள்ளுதல், ஒன்றைமாத்திரம் நாட்டோடு பொருத்திக் கொள்ளுதலினும் நேரிதாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், இப்பெயரொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஏற்றுமதி வரலாறு ஒன்றைக் கட்டியெழுப்புதல் அறிஞர்க்கு அழகன்று.

இவ்வாறு கூறியதனாற் பெயர்கள் யாவும் பயனற்றவை என்பது கருத்தன்று. பெயர் தானே செடியோடு கப்பலேறிய இடங்களும் உள. மெக்சிக்கோவின் பழங்குடியினரான அசுத்தேக்கரின் மொழியில் இம்மரத்துக்குக் காக்கலோசோச்சித்து என்பது பெயர். காகப்பூ என்பது அதன் பொருள். பிலிப்பைன் தீவுகளில் இன்றும் இம்மரத்தைக் கலச்சூச்சி என்கின்றனர். இவ்விரு சொற்களும் ஒன்றே என்பது செவிக்குத் தெளிவு. 1565ஆம் ஆண்டு தொடங்கி 1815ஆம் ஆண்டு வரை, மெக்சிக்கோவின் அக்கப்புல்க்கோத் துறைக்கும் மணிலாவுக்குமிடையே இசுப்பானியரின் வெள்ளிக் கப்பல்கள் ஓடின. மரமும் பெயரும் அவற்றிற் சென்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒல்லாந்தக் கொம்பனியின் ஊழியராய் அம்போன் தீவில் வாழ்ந்து 1702ஆம் ஆண்டில் இறந்த உரும்பியசு என்னும் அறிஞர், தம் பெருநூலில் இம்மரத்தை வருணித்துள்ளார். எனவே 17ஆம் நூற்றாண்டு முடியுமுன் இது மொலுக்கத் தீவுகளிற் குடியேறிவிட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இது வந்த வழி போர்த்துக்கேயர் வழியோ, கிழக்கிலிருந்து மலாயர் வழியோ என்பதில் எதனையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 16ஆம் நூற்றாண்டிற்கு முன்னர் வரவில்லை என்பது மட்டும் உறுதி.

சிற்பங்களைக் காட்டி இதனை மறுப்போர் உளர். பழைய கோயிற் கற்களிலே செதுக்கப்பட்ட ஐயிதழ்ப் பூவைக் கண்டு, இதோ ஈழத்தலரி என்பர். ஐந்து இதழுள்ள பூக்கள் இந்நாட்டிற் பலவாக இருக்க, கல்லிலுள்ள பூவுக்கு மணமும் நிறமும் இல்லாதிருக்க, அதனைச் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறினார். அவற்றுள் இம்மரத்துக்குப் பொருந்துவது ஒன்றில்லை. இதனினும் வலிய சான்று மரத்திடமே உண்டு. நம் நாட்டில் ஈழத்தலரி பூக்கும் அளவுக்குக் காய்ப்பதில்லை; அதன் காயைக் கண்டோர் சிலரே. கிளையை வெட்டி நட்டே அது பெருக்கப்படுகின்றது. மனிதன் கை இல்லாது தன் இனத்தைப் பெருக்கமாட்டாத மரம், அவ்விடத்துக் காட்டிற் பிறந்ததாதல் அரிது.

அம்மரம் கடல் கடந்தமைக்குக் காரணமும் இங்கேதான் உள்ளது. பாய்க்கப்பலில் ஒரு செடியைக் கொண்டுசெல்லுதல் மிகக் கடினம். உப்புக்காற்றும், நன்னீர்த் தட்டுப்பாடும், வெயிலும் மாதக்கணக்கில் நீடிக்கும். மாலுமிக்கே அளந்து கொடுக்கப்படும் நீரைச் செடிக்கு வார்ப்பவர் யார்? ஆதலால் அக்காலத்திற் கடல் கடந்த பூஞ்செடிகள் பெரும்பாலும் மூவகையின. ஒன்று, உலர்ந்த விதையாய்க் காகிதப் பொதியில் வரக்கூடியவை. மற்றொன்று, கிழங்காய் உறங்கிக் கிடப்பவை. மூன்றாவது, ஈழத்தலரி போலக் கிளையை வெட்டிப் போட்டாலும் மாதக்கணக்கில் உயிர்விடாதவை. மண்ணின்றிக் கிடக்கும் கிளை இலையும் பூவும் ஈன்றதை இன்றும் காணலாம். பெருமன்னரின் கட்டளையோ, கற்றோரின் திட்டமோ இல்லாமலே இச்செடிகள் வந்தன. அவ்வாறு வந்தமையாலேயே அவை ஏழையின் வேலிக்கும் எட்டின.

விதையாய் வந்தவற்றுட் காசிரத்தினம் குறிப்பிடத்தக்கது. மயிர்போற் பிளந்த இலைகளும், செம்மணி போன்ற சிறு பூக்களும் உடைய மென்கொடி இது. காசி என்னும் அடையைக் கேட்போர் இதனைக் கங்கைக்கரையிற் பிறந்ததாகவே கொள்வர். இதுவும் வெப்பமண்டல அமெரிக்காவின் கொடியே. புனிதமான தலத்தின் பெயரைச் சூட்டுவது ஒரு பொருளை உயர்த்திப் பேசும் முறை, ஊர்விலாசம் அன்று. செண்டுப்பூவைத் துலுக்கச் செவ்வந்தி என்பதும் இவ்வாறே அமைந்தது. அதனை ஆங்கிலேயர் ஒருவகையை ஆபிரிக்கச் செவ்வந்தி எனவும் மற்றொருவகையைப் பிரெஞ்சுச் செவ்வந்தி எனவும் அழைத்தனர். உண்மையில் இருவகையும் மெக்சிக்கோவினவே. பிழைபடப் பெயரிடுதலில் ஐரோப்பியர் நமக்குச் சிறிதும் இளைத்தவரல்லர்.

செவ்வந்தி என்னும் பெயரைப்பற்றி ஒரு சொல் இங்குக் கூறவேண்டும். திருச்சிராப்பள்ளித் தலபுராணத்துக்குச் செவ்வந்திப் புராணம் என்றே பெயர். எல்லப்ப நாவலர் அதனைப் பாடினார். இதனால் இப்பெயர் பழையது என்பது பெறப்படும். ஆனால் பெயர் பழையதாதல் கொண்டு, இன்று அப்பெயரால் விற்கப்படும் பூவெல்லாம் பழையன எனக் கொள்ளலாகாது. புதிய பூ வரும்பொழுது அதற்குப் பழைய பூவின் பெயரை இரவலாகக் கொடுத்தல் எல்லா மக்களிடமும் உள்ள வழக்கம். தேவதருவாகிய மந்தாரத்தின் பெயர் பெருநாட்டிலிருந்து வந்த அந்திமந்தாரைக்கு வாய்த்ததும் அவ்வழக்கத்தாலேயே. மாலை நான்கு மணியளவில் விரியும் இச்செடியைக் கொண்டே, மரபியலறிஞராகிய காள் கொரென்சு 1909ஆம் ஆண்டில், இலையின் பசுமை தாய்வழியாகவே இறங்கும் நிலை உண்டு என்பதனைக் காட்டினார். தாவரவியல் பயிலும் மாணவர் அதனை வெளிநாட்டு நூலில் தேடவேண்டியதில்லை; வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுடைய செடி அயல்வீட்டு முற்றத்திலேயே அகப்படுதல் கூடும்.

அலரி என்னும் பெயரின் இரவல் இவற்றினும் சுவையானது. பழந்தமிழ் நூல்களிற் கணவீரம் எனப்படுவது செவ்வலரியே என்பர். அப்பெயரைத் தமிழர் அமெரிக்காவிலிருந்து வந்த இருவேறு மரங்களுக்கும் கொடுத்தனர். ஒன்று மேலே கண்ட ஈழத்தலரி. மற்றொன்று மணிபோன்ற மஞ்சட் பூக்களையுடைய பொன்னலரி. சிவபூசைக்கு விரும்பி எடுக்கப்படும் இப்பூவின் மரம் முழுவதும் நஞ்சு. சிறுவர் நடமாடும் வளவில் அதனை வளர்ப்போர் இதனை மறக்கலாகாது. இவை மூன்றும் இலையினாலும் உருவத்தினாலும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தனவல்ல. ஆயினும் மூன்றிலும் பால் வடியும். மூன்றின் பூவும் அரும்பிலே முறுக்குண்டிருக்கும். இன்றைய தாவரவியலார் இம்மூன்றனையும், நந்தியாவட்டை, பட்டிப்பூ ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் அடக்குகின்றனர். நுணுக்குக் கண்ணாடி இல்லாத நாட்டுப்புறத்தார் அவ்வுறவை முன்னரே கண்டு ஒரு பெயரிட்டமை பாராட்டுக்குரியது. சிங்களத்திலோ பழைய அலரிக்குக் கணேரு என்னும் பெயர் நிலைத்துவிட, புதிய மரமே அரலிய ஆயிற்று. தமிழ் பேசுவோர் வாயிலாக அம்மரம் சிங்கள ஊர்களிற் புகுந்திருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு. அதனைக் குறிப்பு என்பதற்குமேற் சொல்லலாகாது.

இதுவரை கூறியன தாமாக வந்தவற்றின் கதை. 19ஆம் நூற்றாண்டிற் செடிகளின் வரவு அரசாங்கத்தின் அலுவலாயிற்று. ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுள், கொழும்புக் கொம்பனித்தெருவில் ஒரு பூங்காவை அமைத்தனர். இலண்டன் கியூப் பூங்காவின் பெயர் அங்குள்ள தெருவொன்றில் இன்றும் நிலைத்துள்ளது. 1812ஆம் ஆண்டில் அதன் தலைவராக வந்த உவில்லியம் கேர் என்பவர், அதற்குமுன் சீனத்துக் கன்ரன் நகரிலிருந்து பல பூஞ்செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பெயர்பெற்றவர். அவர் ஈராண்டில் இறந்தார். பூங்கா களுத்துறைக்குப் பெயர்ந்து, கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் 1821ஆம் ஆண்டிற் பேராதனையில் நிலைபெற்றது. அங்கு முதற்றலைவராய் இருந்த அலெச்சாந்தர் மூன் 1824ஆம் ஆண்டில் ஒரு செடிப்பட்டியலை அச்சிட்டார். இலங்கையில் வளரும் நாட்டுச் செடிகளும் பிறநாட்டுச் செடிகளும் என்பதே அதன் தலைப்பின் பொருள். நாட்டுச்செடி, பிறநாட்டுச்செடி என்னும் பாகுபாட்டை இத்தீவில் அச்சிலேற்றியது அந்நூலே எனலாம்.

ஆயினும் செடிப்போக்குவரத்தை உண்மையில் மாற்றியது பூங்காவன்று. ஒரு கண்ணாடிப் பெட்டி. இலண்டன் நகரத்து மருத்துவராகிய நதானியேல் உவாட் என்பவர் 1829ஆம் ஆண்டில், ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவைச் சிறிது மண்ணோடு மூடிய போத்தலில் வைத்திருந்தார். பூச்சியைக் காணக் காத்திருந்தவர், அம்மண்ணிலே ஒரு பன்னமும் புல்லும் நீர் வார்க்காமலே முளைத்திருக்கக் கண்டார். பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையே அடைந்தது. 1833ஆம் ஆண்டில் இம்முறையில் அமைத்த இரு பெட்டிகள் செடிகளோடு சிட்னிக்குச் சென்றன. செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன்பின் உப்புக்காற்றும் தண்ணீர்ப் பஞ்சமும் தடையல்லவாயின. தேயிலையும் கொயினாவும் றப்பரும் நாடுவிட்டு நாடு சென்ற வரலாற்றிலெல்லாம் இப்பெட்டிக்கு இடமுண்டு. மெல்லிய வேரும் மெல்லிய தண்டும் உடைய அலங்காரச் செடிகளும் இப்பெட்டிகளிற் பயணஞ்செய்தன.

இதனால் விளைந்த வேறுபாடு இன்றும் நம் வளவுகளிற் காணப்படுகின்றது. பாய்க்கப்பலில் விதையாயும் தடியாயும் வந்தவை தமிழ்ப்பெயர் பெற்றுப் பூசைத்தட்டில் ஏறின. கண்ணாடிப் பெட்டிக் காலத்தில் வந்தவையோ துரைமார் பங்களாக்களிலும் ஓய்வு விடுதிகளிலும் முதலில் நின்று, பின்னரே ஊர்மனைகளை அடைந்தன. அலமண்டா, போகன்விலா என அவை தத்தம் அந்நியப் பெயரோடே இன்றும் உலவுகின்றன. பூசைக்கும் அவற்றை எவரும் எடுப்பதில்லை. இது செடியின் குணத்தாலன்று. அது வந்த வாயிலினாலேயே எனக் கொள்ளுதல் தகும். பேராதனைப் பூங்காவிற் கடமையாற்றிய மக்மிலன் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பமண்டலத் தோட்டக்கலை நூல், இவ்விரண்டாம் அலைக்குரிய செடிகளை வளர்ப்போர்க்கு நெடுங்காலம் கைந்நூலாய் விளங்கிற்று.

போகன்விலாவின் வரலாறு தனியே கூறத்தக்கது. 1766ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவராகிய புகன்வில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவரோடு சென்ற தாவரவியலார் பிலிபேர் கொமெர்சோன். அவருடைய ஏவலாளாய்ச் செடிப்பொதிகளைச் சுமந்து சென்ற இளைஞன் ஒருவனும் உடனிருந்தான். 1767ஆம் ஆண்டில் இரியோ டி சனெய்ரோவில் கப்பல் தங்கியபோது இக்கொடி சேகரிக்கப்பட்டது. தலைவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மறுவருடம் தாகித்தித் தீவில் அவ்விளைஞன் உண்மையில் ஒரு பெண் என்பது வெளியாயிற்று. சான் பரே என்பது அவள் பெயர். பெண்களுக்குக் கப்பலில் இடமில்லை என்னும் சட்டத்தை ஆணுடையால் வென்ற அவள், கொமெர்சோன் 1773ஆம் ஆண்டில் மொரிசியசில் இறந்தபின் கணவனோடு பிரான்சு திரும்பி, உலகைச் சுற்றிவந்த முதற் பெண்ணெனப் பெயர்பெற்றாள். கொமெர்சோன் நோய்வாய்ப்பட்டிருந்தமையால், அக்கொடியை உண்மையிற் பறித்தவள் அவளே எனக் கருதுவோரும் உளர். கொடிக்கோ தலைவன் பெயரே நின்றது. அதுவும் 1789ஆம் ஆண்டிற் சுசியே அச்சிட்டபோது எழுத்துப் பிழையோடு நின்று, 20ஆம் நூற்றாண்டிலேதான் திருத்தம் பெற்றது.

கடதாசிப்பூ என நம் பெண்கள் இதனை அழைப்பது தாவரவியலாரும் ஒப்பத்தக்க பெயர். நிறமுடைய மூன்றும் இதழ்களல்ல, அவை பூவடியிலைகள். அவற்றின் நடுவேயுள்ள சிறு வெண்குழல்களே பூக்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலமும் நீண்ட கோடையும் இக்கொடிக்கு மிகவும் ஏற்றவை. நாள்தோறும் நீர் வார்த்து எருவும் இடுவோர் வீட்டில் இது இலையாய்த் தழைத்துப் பூவாமல் நிற்கும். நீரை மறந்தவர் வீட்டிலே கோடை நடுவில் மதில் முழுவதும் சிவந்து கிடக்கும். இன்று பரவலாய்க் காணப்படும் செங்குருதி நிறத்து வகை இயற்கையிற் பிறந்ததன்று. பிரேசிலின் இனமொன்றும் பெரு நாட்டின் இனமொன்றும் தோட்டத்திற் கலந்து பிறந்த அதனை, 1910ஆம் ஆண்டிற் கொலம்பியாவின் கார்த்தசேனா நகரில் பட் என்னும் அம்மையார் கண்டெடுத்தார். அவர் பெயராலேயே அது உலகெங்கும் விற்கப்படுகின்றது.

அழகை நாடி அழைக்கப்பட்ட விருந்தாளி வீட்டையே கைப்பற்றிக்கொண்ட கதைகளும் உள. உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து தோட்ட அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று மேய்ச்சல் நிலங்களையும் காட்டோரங்களையும் மூடிநிற்கின்றது. இவற்றுள் அரசாங்கத்தைச் சட்டமியற்றச் செய்தது ஆகாயத்தாமரை. அமேசன் ஆற்றுப்பகுதியைச் சேர்ந்த இந்நீர்ச்செடி அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே நாடு நாடாகச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, சில ஆண்டுகளிலேயே குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. அதன் இறக்குமதியையும் பரவலையும் தடுத்து அழிப்பதற்கென 1909ஆம் ஆண்டில் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. சிங்கள மக்கள் இச்செடியை ஜப்பன் ஜபர என்பர். இப்பெயரை விளக்க ஒரு கதையும் வழங்குகின்றது. இரண்டாம் உலகப்போரில் யப்பானிய வானூர்திகள் நீர்நிலைகளை நிலமென எண்ணி ஏமாறும்படி ஆங்கிலேயர் இச்செடியைக் குளங்களில் விட்டனர் என்பது அக்கதை. யப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசியது 1942ஆம் ஆண்டு ஏப்பிரலில். அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இச்செடியை ஒழிக்கச் சட்டம் இருந்தது. பெயரிலிருந்து கதை பிறந்ததேயன்றி, கதையிலிருந்து பெயர் பிறந்திலது. ஈழத்தலரியிற் காட்டிய எச்சரிக்கை இங்கும் வேண்டப்படுவதாகும். நம் அயலவரின் கதையைச் சட்டப்புத்தகத்தின் ஆண்டைக் காட்டி மறுக்கும் நாம், நம் கதைக்கும் அதே அளவுகோலைக் கொள்ளுதல் முறை.

இனி, எவரும் நடாமலே முற்றத்தில் முளைக்கும் பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்பது இதன் மங்கலப் பெயர். சிங்களத்திலோ மினிமல் என்பர். பிணத்தோடு தொடர்புடைய பூ என்பது அதன் பொருள். ஒரு செடி ஒரு மொழியில் மணமகளாகவும் அயன்மொழியிற் சுடலைப்பூவாகவும் இருத்தல் வியப்புக்குரியது. இதன் தாயகம் மடகசுக்கார்த் தீவு. அங்கிருந்து பிரான்சு சென்று, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் செல்சித் தோட்டத்தில் பிலிப்பு மில்லரின் கையில் வளர்ந்து, வெப்பநாடுகள் எங்கும் பரவியது. நீரிழிவுக்கு இதன் இலையைக் கசாயமிட்டுக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் எழுந்தது. அவ்வழக்கம் இருந்த யமேக்காத் தீவிலிருந்து 1952ஆம் ஆண்டிற் சில இலைகள் கனடாவிலிருந்த உறொபேட்டு நோபிள் என்னும் ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டன. எலிகளின் குருதியிற் சர்க்கரை குறையவில்லை; வெண்குருதிக்கலங்கள் குறைந்தன. நோபிளும் அவரோடு ஆராய்ந்த சாள்சு பியரும் அதன் காரணத்தைத் தேடி, 1958ஆம் ஆண்டில் வின்பிளாத்தின் என்னும் மருந்துப்பொருளை வெளியிட்டனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிறித்தின் 1963ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதிபெற்று, சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வருகின்றது. மருந்துகள் இரண்டின் பெயரிலும் உள்ள வின் என்னும் முதல் அசை, வின்கா என்பதிலிருந்து வந்தது. வின்கா ஐரோப்பியக் காடுகளிற் படரும் வேறொரு செடி. இலின்னேயசு காலத்தில் மடகசுக்காரின் செடியையும் அதனோடு சேர்த்து எண்ணி அப்பெயரையே இட்டனர். பிழையெனக் கண்ட பின்னர் தாவரவியலார் அதனைக் கதரந்தசு என மாற்றிக்கொண்டனர். மருந்துப் புட்டிகளில் மாத்திரம் பழைய பெயர் மாறாமல் நிற்கின்றது.